சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடியும் மணமகன்: சிறப்புத் திருமணச் சட்டப் பதிவுச் சேவை, ஒரு மதிப்புரை

எங்கள் நிக்காஹ் 1998-ல் ஊர் ஜமாஅத்தின் தப்தரில், அதாவது திருமணப் பதிவேட்டில், பதிவானது. அதே திருமணத்தைச் சென்ற ஆண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நானும் என் மனைவியும் மீண்டும் பதிவு செய்தோம். அந்தச் சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. பத்திரப்பதிவுத் துறையின் மற்றச் சேவைகளுக்கு இணையத்தில் நூற்றுக்கணக்கான கருத்துகள் கிடைக்கின்றன; இந்த ஒன்றுக்கு, அதிலும் ஏற்கெனவே மதமுறைப்படி மணம் முடித்தவர்கள் பதிவு செய்துகொள்ளும் பதினைந்தாம் பிரிவுக்கு, தமிழில் நான் தேடியவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண் மக்கள். ஆண் பிள்ளை இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய தகப்பனுக்கு ஒரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஷரீஅத்தின் பாகப்பிரிவினையில் மகன் இல்லாமல் இரண்டோ அதற்கு மேலோ மகள்கள் இருந்தால் அவர்கள் எல்லோருக்குமாக மூன்றில் இரண்டு பங்கு. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது அஸபா என்கிற எச்ச வாரிசுகளுக்கு, அதாவது தகப்பன் இல்லாத நிலையில் உடன்பிறந்தவர்களுக்கு. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இந்தக் கணக்கை நாட்டின் நீதிமன்றங்கள் வழியாகவே நடைமுறைப்படுத்துகிறது. வேளாண் நிலத்தை அந்தச் சட்டம் முதலில் விலக்கியிருந்தது. 1949-ல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. ஆகவே வீடு, தோப்பு, வங்கி இருப்பு எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குத்தான்.

இதிலிருந்து வெளியேற அரசே ஒரு வாசல் வைத்திருக்கிறது என்பது எங்கள் பக்கம் பரவலாகத் தெரிய வந்தது 2023-ல்தான். அந்த ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி, காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் நடிகருமான சி. ஷுக்கூர், 1994-ல் தாம் மணந்த மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடியும் மணந்துகொண்டார். அவருக்கு மூன்று பெண் மக்கள். சொத்து முழுவதும் பிள்ளைகளுக்கே போக வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்வதாக அவர் வெளிப்படையாக அறிவித்தார். மார்க்க அறிஞர்களிடமிருந்து கடும் எதிர்ப்பும் எழுந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே என் மனைவி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்தார். நான்தான் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன்.

இந்தச் சேவையால் கிடைப்பது என்ன என்பதை முதலில் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும். பலரும், ஷுக்கூரைப் பாராட்டியவர்கள் உட்பட, இதைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பதினைந்தாம் பிரிவின்படி பதிவான திருமணத்தை, இந்தச் சட்டத்தின்படியே நடந்த திருமணமாகப் பதினெட்டாம் பிரிவு கருதுகிறது. அப்படி நடந்த திருமணத்தில், கணவன் மனைவி இருவரின் சொத்துக்கும், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் சொத்துக்கும், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்கிறது இருபத்தொன்றாம் பிரிவு. நீங்கள் முஸ்லிமாகவே தொடர்கிறீர்கள். தொழுகை, நோன்பு, கபுர்ஸ்தான் எதுவும் மாறாது. இறந்த பிறகு சொத்தைப் பிரிக்கும் சட்டம் மாறுகிறது. உயிரோடு இருக்கும்போது விவாகரத்துக்கு நீதிமன்றத்தைத் தவிர வேறு வழி இருக்காது. இரண்டாவது நிக்காஹ் குற்றமாகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என் சொத்தை இருபத்துநான்கு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஷரீஅத்தின்படி மனைவிக்கு 3, மகள்களுக்கு எட்டெட்டாக 16, என் தம்பி தங்கைகளுக்கு 5. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருக்கும்போது விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. அதாவது மனைவிக்கு 8, மகள்களுக்கு எட்டெட்டாக 16. மகள்களின் பங்கு ஒரு சென்ட் கூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்பி தங்கைகளிடமிருந்து எடுக்கப்பட்ட ஐந்து பங்கும் அப்படியே மனைவியிடம் போய்ச் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்காக என்று சொல்லித்தான் ஊரெல்லாம் இதைப் பேசுகிறார்கள். முதல் மரணத்தில் இந்தச் சேவையின் பயனாளி விதவைதான். மகள்களுக்கு அது வந்து சேர்வது தாயின் காலத்துக்குப் பிறகு, அப்போதும் தாயின் சொத்தில் மாமன்மார்களுக்கு எச்சப் பங்கு இல்லை என்பதால். பத்திர எழுத்தர் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பழைய முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சிறிது நேரம் அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை இத்தனை நாளாக ஒருத்தரும் சொல்லவில்லையே" என்றார்.

இதே சட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஷரீஅத்திலோ உம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒரு பங்கு உறுதி. அப்போது இருபத்துநான்கில் நான்கு அவருக்குப் போய், உடன்பிறந்தவர்களுக்கு எஞ்சுவது ஒன்றே ஒன்று. என் உம்மா மௌத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்திருந்தால் நான் இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க மாட்டேன். தாயைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் ஒரு சட்டத்தை முற்போக்கு என்று மட்டும் சொல்லி விற்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்க்கத்துக்குள்ளேயே வேறு வழி இல்லையா என்றால், உண்டு. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாக, சொத்து முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். ஃபராயிள் என்கிற பாகப்பிரிவினைக் கணக்கை யாரும் மீறாமலேயே பெண்களின் கையில் வீடு வந்துசேர எங்கள் முன்னோர் கண்ட வழி அது. ஆனால் ஹிபா செல்லுபடியாக வேண்டுமென்றால் சொத்தை உண்மையிலேயே ஒப்படைக்க வேண்டும். அறுபது வயதில் குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாக உட்கார எல்லோருக்கும் மனம் வராது. வஸிய்யத்து என்கிற உயில் இன்னும் குறுகலானது: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது; வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

இனி சேவையின் தரத்துக்கு வருவோம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. தென்மாவட்டத்துச் சிற்றூர் அலுவலகம் என்பது போதும்.

முதல் நாள் முகப்பில் இருந்த ஊழியர் எங்கள் இருவரின் பெயரையும் கேட்டுவிட்டு, "முஸ்லிம் திருமணத்தை இங்கே பதிய முடியாது, ஜமாஅத்திலேயே பதிந்துகொள்ளுங்கள்" என்றார். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா மதத்துத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்பதும், நாங்கள் கேட்பது அதுவும் அல்ல, வேறொன்று என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சட்டப் புத்தகத்தின் நகலை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனவர், இருபது நிமிடம் கழித்து வந்து, "ஜமாஅத்திடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள்" என்றார்.

என் குறைகளிலெல்லாம் பெரியது இதுதான். மதச் சட்டத்திலிருந்து ஒரு குடிமகன் வெளியேறுவதற்காகவே நாடாளுமன்றம் அமைத்த வாசல் இது. 1872-ஆம் ஆண்டின் பழைய சட்டம், இந்த வழியில் மணம் செய்ய வருபவர் தமக்கு எந்த மதமும் இல்லை என்று எழுதித்தர வேண்டும் என்றது. 1954-ன் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மதத்தை விடாமலேயே மதத்தின் சட்டத்தை விடலாம் என்பதுதான் அதன் உயிர். அந்த வாசலில் நிற்கும் அரசு ஊழியர், வெளியேறுவதற்கு மதத்தின் அனுமதிச் சீட்டைக் கேட்கிறார். சட்டத்தில் அப்படியொரு சான்று எந்தப் பிரிவிலும் இல்லை. விதி என்ன சொல்கிறது என்பதைவிட, நாளைக்கு ஊரில் பிரச்சினை வந்தால் தன்மேல் விழக் கூடாதே என்பதே அவருடைய கவலை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஊழியர்கள்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2024 மே மாதத்தில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், முஸ்லிம் ஆணும் இந்துப் பெண்ணும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தாலும் இஸ்லாமியச் சட்டப்படி அது முறையான திருமணம் ஆகாது என்று கூறி, காவல் பாதுகாப்பு கேட்டு வந்த இணைக்குப் பாதுகாப்பு மறுத்தார். வேறு எந்தச் சட்டத்தில் எது இருந்தாலும் என்று தொடங்கும் நான்காம் பிரிவு அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜமாஅத் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த சேவை ஐந்துக்கு ஐந்து. தடையில்லாச் சான்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். 1998-ஆம் ஆண்டு தப்தரின் நகல் மட்டும் கேட்டேன். கணக்கர் அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, தேநீர் ஆறுவதற்குள் நகலை எழுதி முத்திரை வைத்துத் தந்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் மாறியது. முத்திரையைத் திரும்ப வாங்கவில்லை.

அங்கே இருந்த மார்க்க அறிஞரான ஹஜ்ரத் என்னோடு அரை மணி நேரம் பேசினார். அவர் வாதத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. குர்ஆனில் பங்குகளைச் சொல்லி முடித்தவுடனேயே இவை அல்லாஹ்வின் வரையறைகள் என்று வருகிறது. ஆகவே அவற்றைச் சுற்றிப் போவது வெறும் சொத்து விவகாரமில்லை என்றார். தம்பிமார்களுக்கு எச்சப் பங்கு சும்மா தரப்படவில்லை, அண்ணன் மக்களைக் காக்கும் கடமையோடு சேர்த்துத் தரப்பட்டது என்றும் சொன்னார். இரண்டாவது வாதம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அது உண்மை. ஆனால் இந்த நாட்டில் நீதிமன்றங்கள் ஷரீஅத்தின் பங்குப் பட்டியலை மட்டும் எடுத்து டிக்ரியாக்குகின்றன. கடமைப் பட்டியலை எடுக்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சப் பிரிவிலும், 2024-ல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, பெற்றோர் உண்டு; அண்ணன் மகளைக் காப்பாற்று என்று சித்தப்பாவுக்கு ஆணையிடும் வரி இல்லை. ஐந்து பங்கை வாங்கித்தர அரசு இருக்கிறது, அதற்குரிய கடமையை வாங்கித்தர யாருமில்லை. இதை ஹஜ்ரத்திடம் சொன்னேன். "அதற்கு அரசைக் குறை சொல்லுங்கள், மார்க்கத்தை அல்ல" என்றார். அந்த இடத்தில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்றாவது முறை போனபோது சார்பதிவாளரையே நேரில் பார்க்க முடிந்தது. அவர் சட்டம் தெரிந்தவர். மறுத்தால் முப்பது நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யப் பதினேழாம் பிரிவில் வழி இருக்கிறது என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே ஊழியரைக் கூப்பிட்டு விண்ணப்பத்தைப் பதியச் சொன்னார். வயதுச் சான்று, அந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது குடியிருந்ததற்கான சான்று, தப்தர் நகல், புகைப்படங்கள் ஆகியவையே வாங்கப்பட்டன. கட்டணம் பொருட்படுத்தும்படி இல்லை. பத்திர எழுத்தருக்குக் கொடுத்ததுதான் செலவு.

பிறகு வந்தது முப்பது நாள் அறிவிப்பு. கால் நூற்றாண்டாகச் சேர்ந்து வாழ்ந்து, வளர்ந்த பெண்கள் இருவரையும் வைத்திருக்கும் ஒரு தம்பதியரின் பெயர், வயது, முகவரி எழுதிய தாள், வில்லங்கச் சான்று அறிவிப்புகளுக்கும் ஏலத் தாள்களுக்கும் நடுவில் பலகையில் ஒட்டப்பட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஊரைக் கேட்கிறது. எங்களுக்கு இது வெறும் கூச்சம். மதம் அல்லது சாதி மாறி மணக்க வரும் இளையோருக்கு இது உயிர் ஆபத்து. அந்தத் தாளைப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்ப ஒரு கைபேசி போதும். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், இணையர் விரும்பினால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் ஊர் அறிவிப்புப் பலகையை வந்தடையவில்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் செய்கிறவருக்கோ கோயிலில் தாலி கட்டுகிறவருக்கோ அரசு முப்பது நாள் காத்திருக்கச் சொல்வதில்லை. 1967-ல் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தில், இந்து இணையர் உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் முடிந்தது. மதச்சார்பற்ற வழியைத் தேடி வருபவருக்கு மட்டும்தான் இந்த விசாரணை.

என் தம்பிக்குப் பன்னிரண்டாம் நாள் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் அவன் குரலில் கோபத்தைவிட வருத்தமே இருந்தது. "காக்கா, கேட்டிருந்தால் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று நாங்களே எழுதித் தந்திருப்போமே, பலகையில் ஒட்டித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்றான். ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, நாளைக்கு வாரிசாகப்போகும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து எழுதுவது பொதுவாகச் செல்லாது என்று சட்டம் பேசி அவனைச் சமாதானப்படுத்த முயன்றது என் பிழை. பிறகு நேரில் போய் உட்கார்ந்து பேசினேன். அவன் ஆட்சேபம் எதுவும் தரவில்லை. தந்திருந்தாலும் நின்றிருக்காது: பதினைந்தாம் பிரிவின் நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதே கேள்வி, பங்கு போகிறதே என்பது ஆட்சேபமாகாது. ஆயினும் பதிவுக்குப் போகிறவர்கள் பலகைக்கு முந்திக்கொண்டு தாங்களே உடன்பிறந்தவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கையை, தமிழர்களுக்கென்றே, இங்கே எழுத வேண்டும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவர்கள் இந்தச் சேவையை நம்பிப் போக வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் முதல் அட்டவணையில் விலக்கப்பட்ட உறவுகளின் பட்டியலில் அவர்கள் இருவருமே இருக்கிறார்கள். ஷரீஅத்தும் அனுமதிக்கிறது, தமிழர் வழக்கமும் முறைப்பெண் என்று உரிமையோடு சொல்கிறது; மதச்சார்பற்ற சட்டம்தான் தடுக்கிறது. பதினைந்தாம் பிரிவில் வழக்கத்துக்குத் தரப்பட்ட சலுகை, சட்டம் வருவதற்கு முன்பு நடந்த திருமணங்களுக்கு மட்டும். என் மச்சான் ஒருவர் எங்களைப் பார்த்து ஆசைப்பட்டு விண்ணப்பத்தோடு போய், உறவுமுறை கேட்கப்பட்டதும் திரும்பி வந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பலர் சொந்தத்துக்குள் கட்டியவர்கள் என்பதால் அவரைப்போல் திரும்பப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இந்துக்கள் இருவர் இதே சட்டத்தின் கீழ் மணந்தால் அவர்களுக்கு வாரிசுரிமை மாறுவதில்லை. 1976-ல் சேர்க்கப்பட்ட 21அ பிரிவு அவர்களை இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருத்திவிட்டது. ஒரே முகப்பு, ஒரே படிவம், வருபவரின் மதத்தைப் பார்த்து வேறுவேறு சட்டம் கிடைக்கிறது. மதச்சார்பின்மை என்ற பெயர்ப்பலகையின் கீழ் இப்படியொரு விற்பனை முறை நடப்பது, முகப்பில் இருக்கும் ஊழியருக்கும் தெரியாது.

நாற்பத்தோராம் நாள் எங்களைக் கூப்பிட்டார்கள். சாட்சிகள் மூவர்: என் பெரிய மகள், மனைவியின் தம்பி, பக்கத்து வீட்டு ஆசிரியர். 1998-ல் என் மனைவி திரைக்கு அப்பால் வேறோர் அறையில் இருந்தார். அவர் சம்மதத்தை அவருடைய வாப்பா வலியாக, அதாவது மணமகளின் பாதுகாவலராக, இருந்து சொன்னார். இந்த முறை மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பேனாவைக் கையில் வாங்கி, திருமணச் சான்றிதழ்ப் புத்தகத்தில் தன் பெயரைத் தானே எழுதினார். எழுதும்போது கை சற்று நடுங்கியது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சான்றிதழில் என் வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தத்துக்கு மேலும் இரண்டு வாரம்.

மதிப்பெண் என்று கேட்டால், சட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு, அதை வழங்கும் அலுவலகத்துக்கு இரண்டு. அறிவிப்புப் பலகையை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஒவ்வொன்று கூட்டித் தருவேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சான்றிதழை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். தப்தர் நகலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதில் மணமகளுக்கு நான் தர ஒப்புக்கொண்ட மணக்கொடையாகப் பதினொரு பவுன் மஹர் என்று அரபுத்தமிழ்க் கையெழுத்தில் இருக்கிறது. "இதில் மஹர் எழுத இடமே இல்லையே" என்றார் அரசின் தாளைக் காட்டி. இல்லை என்றேன். இரண்டையும் ஒரே உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்தார்.